சூலத்தில் குத்திய செக்

உடையப்பனைப் பற்றிப் பேசுகிற எவரும் அவருடைய வலது கையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஈப்போ நகரில், புந்தோங் வட்டாரத்தில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். அந்தக் கை இடது கையைவிடப் பருமன். பாதி கத்தி பிடித்து வந்த பருமன், மீதி ஆட்களை அறைந்து வந்தது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. மாமூல் கேட்டு வந்த ஒருவனின் பல்லைத் தட்டி, அதை அவன் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பியவர். குடித்துவிட்டுக் கடை வாசலில் ஒன்றுக்குப் போனவனைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தவர். கல்யாணமான புதிதில் மனைவி கோகிலவாணியையும் ஒருமுறை அறைந்தார். அவள் தராசிலிருந்த எடைக்கல்லை எடுத்து அவர் நெற்றியில் ஒன்று வைத்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு வீட்டுக்குள் அந்தக் கை எழவில்லை.

நான் அவருடைய வழக்கறிஞர், அம்பிகை. எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. அழுகிற கட்சிக்காரரைக்கூட அதட்டித்தான் பழக்கம். உடையப்பன் உத்தமர் என்று காட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவர் செய்த அடிதடிகளுக்கு அவரை உள்ளே தள்ளியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர்மேல் வந்த வழக்கு அதற்கில்லை. வங்கியில் பணமில்லாத செக்கைக் கொடுத்து ஏமாற்றினார் என்று வழக்கு. அதை அவர் செய்யவில்லை. செய்யாத ஒன்றுக்கு ஒரு மனிதனைக் கட்டிப்போட்டால் எனக்கு வயிறு எரியும்.

ஜாமீனில் வந்த மறுநாள் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். குற்றம் நிரூபணமானால் என்ன தண்டனை என்று சொன்னேன். குறைந்தது ஓராண்டு சிறை, கூடவே பிரம்படி. ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்குப் பிரம்படி கிடையாது. இவர் இன்னும் தாண்டவில்லை. சிறை என்றபோது தலையாட்டிக்கொண்டிருந்தவர், பிரம்படி என்றதும் ஆட்டுவதை நிறுத்தினார்.

“ரோத்தானா? எப்படி மேடம் அடிப்பாங்க?”

மறைக்க எனக்கு என்ன வந்தது? மரச்சட்டத்தில் கை கால் இரண்டையும் கட்டி நிறுத்தி அடிப்பார்கள் என்றேன். மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஜெயிலுக்குப் போறேன் மேடம். அடியும் வாங்குவேன், எவ்ளோ வாங்கியாச்சி. கட்டி வச்சு அடிக்க மட்டும் விட்டுறாதீங்க.”

ஏன் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பீடோர் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் உடையப்பன். அப்பா சன்னாசி பால்மரம் வெட்டுகிறவர், பால் வடிய மரப்பட்டையைக் கீறுகிற வேலை. “அடியாத மாடு படியாது” என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேதம். பையனாக இருந்தபோது உடையப்பன் மண்டோரின் மகனை அடித்து மூக்கை உடைத்துவிட்டார். மண்டோர் என்றால் வேலை வாங்குகிற மேலாள். அவன் முகம் சுளித்தால் அப்பாவுக்கு அடுத்த நாள் வேலை இல்லை. விடியலில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில், எல்லாரும் பார்க்க, சன்னாசி தன் மகனை ரப்பர் மரத்தில் கட்டி வைத்து விளாசினார். மண்டோர் போதும் என்று சொல்லும்வரை அடித்தார். மண்டோர் சீக்கிரம் சொல்லவில்லை. பையனுக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தவன் மண்டோரின் மகன் தனேஸ்வரன்.

இந்த வழக்கைப் போட்டவனும் அதே தனேஸ்வரன்தான்.

தோட்டத்தை விற்று, மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். சனங்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். உடையப்பன் ஈப்போவுக்கு வந்து இறைச்சி வெட்டக் கற்றுக்கொண்டார். தனேஸ்வரன் தாப்பா பக்கத்தில் ஆட்டுப் பண்ணை போட்டான். ஒருவனிடம் ஆடு, ஒருவரிடம் கத்தி. பழைய பகையை இரண்டு பேரும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வியாபாரம் செய்தார்கள். தீபாவளிக்கு முன்னால் தனேஸ்வரன் ஆடுகளை லாரியில் அனுப்புவான். பண்டிகை முடிந்ததும் உடையப்பன் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

இடையில் ஒரு பிடிமானம் வேண்டுமே. அதற்கு அந்தத் தோட்டத்துச் சனங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தோட்டம் போனாலும் அவர்களுடைய முனியாண்டி போகவில்லை. செம்பனைக்கு நடுவில் தகரக் கூரையின் கீழே சூலத்தோடு நிற்கிறார். கடன் வாங்குகிறவர் ஒரு செக்கில் கையெழுத்து மட்டும் போடுவார். தொகை இல்லை, தேதி இல்லை. பூசாரி அதன் மூலையில் குங்குமம் தொட்டு, சூலத்தின் நடு முனையில் குத்தி வைப்பார். கணக்குத் தீர்ந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வந்து கற்பூரம் காட்டி எடுத்துக் கிழித்துப் போட வேண்டும். ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. எடுத்தால் முனி கேட்பார். பேங்க்குக்கு முனியாண்டியைத் தெரியாது என்பது இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுக் காட்டுக்குள் குத்திவிட்டு வருகிறவர்களை என்னவென்று சொல்வது? இதைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். என் தலையில்தான்.

அந்தத் தீபாவளிக்கு வந்த ஆடுகளில் பாதி காய்ச்சலோடு வந்தன. கடைக்குப் பின்னாலேயே வாயில் நுரை தள்ளிச் செத்தன. உடையப்பன் உயிரோடிருந்த ஆடுகளுக்கு மட்டும் பணத்தை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். தனேஸ்வரன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, செத்ததுக்கும் சேர்த்து வை என்றான். நோயாட்டை அனுப்பினது நீ என்றார் இவர். பேச்சு வளர்ந்தது. பண்ணை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, “மரத்துல கட்டுனா மறுபடியும் மூத்திரம் போவியாடா?” என்று கேட்டுவிட்டான் தனேஸ்வரன்.

அவ்வளவுதான். உடையப்பன் அவன் பிடரியைப் பிடித்து, ஆடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டியில் முகத்தை முக்கினார். தூக்கினார், முக்கினார். ஆட்கள் வந்து பிடித்து இழுப்பதற்குள் தனேஸ்வரன் பச்சைத் தண்ணீரையும் புழுக்கையையும் சேர்த்து விழுங்கியிருந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அடிக்கு அடி என்று அவன் போலீசுக்குப் போயிருந்தால் உடையப்பன் அன்றே மாட்டியிருப்பார். ஆனால் ஆட்டுத் தொட்டியில் முக்கப்பட்டேன் என்று எவன் போய் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பான்? அவன் வேறு வழி பார்த்தான். யாரும் இல்லாத நேரத்தில் கோயிலுக்குப் போய், சூலத்திலிருந்து செக்கைப் பிய்த்து எடுத்தான். அவசரத்தில் மூலை கிழிந்தது. செலோ டேப் ஒட்டினான். வாய்க்கு வந்த தொகையை எழுதி, தேதி போட்டு, வங்கியில் போட்டான். உடையப்பனின் அந்தக் கணக்கில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. செக் திரும்பியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏமாந்துவிட்டேன் என்று போலீசில் அழுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

வழக்கு என்று வந்தால் நான் முதலில் எதிர்த்தரப்பைப் பார்ப்பதில்லை, கட்சிக்காரரைத்தான் குடைவேன். கையெழுத்து உங்களுடையதுதானா? ஆமாம். யாராவது கள்ளத்தனமாகப் போட்டதாகச் சொல்லலாமா? முடியாது, என் கையெழுத்துதான். வங்கி தப்புச் செய்ததா? இல்லை. பணத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் வங்கிக்குச் சொன்னீர்களா? இல்லை. மிரட்டி வாங்கினார்களா என்று கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவரை மிரட்ட எவன் பிறந்திருக்கிறான் என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். உட்காருங்கள், இது வீரம் காட்டுகிற இடமில்லை என்று அதட்டினேன்.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. ஆனால் அதுதான் கெட்டியானது. செக் திரும்பி வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். கொடுக்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வாங்குகிறவன் அதை நம்பி ஏமாந்திருக்க வேண்டும். இது வங்கியில் போடுவதற்கான செக் இல்லை, பிடிமானம் மட்டும்தான் என்று வாங்கும்போதே தனேஸ்வரனுக்குத் தெரிந்திருந்தால், அவன் ஏமாறவே இல்லை. அவன் ஏமாறவில்லை என்றால் இவர் ஏமாற்றவில்லை. அதைச் சொல்ல ஒரு சாட்சி இருந்தார்: செக்கைச் சூலத்தில் குத்திய பூசாரி இராமசாமி.

நான் இராமசாமியின் பெயரைச் சாட்சியாகச் சொன்னது எப்படியோ தாப்பாவில் தனேஸ்வரன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே, பூசாரி செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது வழியில் மடக்கினார்கள். செம்பனைக் குலையைக் குத்தி இறக்குகிற இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அதே முழங்காலில் அடித்தார்கள். நான் மருத்துவமனைக்குப் போனபோது கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. சாட்சி சொல்ல வர மாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடையப்பன் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு தாப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். கோகிலவாணி காரின் முன்னால் படுத்துவிட்டாள். ஏற்றிவிட்டுப் போ என்றாளாம். பிறகு அவளே அவரை என்னிடம் இழுத்து வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் மேசையை அறைந்தேன். புகார்தாரர் பக்கமோ சாட்சிகள் பக்கமோ போகக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. இவர் ஒரு விரல் தூக்கினால் ஜாமீன் போய்விடும், அதற்காகத்தான் அவன் சீண்டுகிறான் என்று கத்தினேன்.

“எனக்குப் புரியுது மேடம். கைதான் கேக்க மாட்டேங்குது,” என்றார்.

“கேக்கலன்னா கட்டி வைங்க.”

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கோகிலவாணி தன் பழைய சேலைத் துணியைக் கிழித்து, அவருடைய வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். கேட்டவர்களிடம் பசாரில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். இறைச்சி வெட்ட ஆள் வைத்தார்கள். கட்டு போட்ட கையோடு அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, முன்பு அவரிடம் அடி வாங்கியவர்கள் கடைப்பக்கம் வந்து கேலியாக இருமிவிட்டுப் போனார்கள்.

விசாரணை நாளில் தனேஸ்வரன் பட்டுச் சட்டையும் விபூதியுமாக வந்தான். முனியாண்டி திருவிழாவுக்கு அவன்தான் தலைவன். கோயில் சனங்கள் வேன் பிடித்து வந்து பின்வரிசையை நிரப்பியிருந்தார்கள். அவன் தனக்குப் பக்கபலம் என்று அழைத்து வந்த கூட்டம் அது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தமிழில்தான் பதில் சொல்வேன் என்றான். எனக்கு அது வசதியாகவே இருந்தது.

செக்கை நீட்டி, மூலையில் ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். எலி கடித்திருக்கும் என்றான். எலி குங்குமமும் வைத்ததா என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் என்னை முறைத்தார். இளம் பெண், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள் என்றார். ஒழுங்காகக் கேட்டேன். முனியாண்டி சூலத்தில் ஒரு செக்கைக் குத்தினால் அதற்கு என்ன அர்த்தம்?

அவன் வாயைத் திறக்கும்போது பின்கதவு திறந்தது. பூசாரி இராமசாமி ஊன்றுகோலில் வந்தார். சாட்சி சொல்ல மறுத்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர் போல வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நடைவழியில் நீட்டி வைத்தார். கோயில் சனங்கள் அந்தக் காலைப் பார்த்தார்கள், பிறகு தனேஸ்வரனைப் பார்த்தார்கள்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவன் தப்பியிருக்கலாம். ஆனால் திருவிழாத் தலைவன், தன் சாமியின் வழக்கம் தனக்குத் தெரியாது என்று அந்தக் கூட்டத்தின் முன்னால் எப்படிச் சொல்வான்? சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“கணக்கு தீர்ற வரைக்கும் பிடிமானம்,” என்றான்.

“வங்கியில போடுறதுக்கா?”

“இல்ல.”

“அது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மொதல்லேர்ந்து தெரியும்.”

“எடுக்கும்போது உங்ககூட யார் இருந்தா?”

அவன் கண் பூசாரியின் காலுக்குப் போனது. பின்வரிசையில் ஒரு கிழவி சத்தமாகக் காறினாள். நீதிமன்றச் சேவகர் அவளை வெளியே அனுப்பினார். நான் உட்கார்ந்துவிட்டேன், அதற்கு மேல் கேட்பது சோற்றில் மண் போடுகிற வேலை. தீர்ப்பு அடுத்த வாரம் என்றார் மாஜிஸ்திரேட்.

அந்த ஒரு வாரம்தான் தனேஸ்வரனுக்கு மிச்சமிருந்தது. உடையப்பன் இடது கையாலாவது ஒரே ஒரு அடி அடித்தால் போதும் அவனுக்கு, ஜாமீன் போய் அடிதடி வழக்கும் வந்துவிடும். நல்ல பகலில், கடையில் கூட்டம் இருக்கும்போது, நாலைந்து தடியன்கள் வந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த ஆட்டுத் தொடைகளை இழுத்துத் தரையில் போட்டு மிதித்தார்கள். வெட்டுகிற ஆள் ஓடிவிட்டான். ஒருவன் கோகிலவாணியின் முந்தானையைப் பிடித்தான். உடையப்பன் எழுந்தார். ஒருவன் இரும்புக் குழாயால் அவர் வாயில் அடித்தான். பற்கள் கல்லாவில் விழுந்தன. அடுத்த அடி விலாவில், அடுத்தது காதில். காது பாதி பிய்ந்து தொங்கியது. அவர் தூணில் சாய்ந்து நின்றார். கட்டு அவிழவில்லை, அவர் அவிழ்க்கவில்லை.

“கட்டிப் போட்ட ஆடு மாதிரி நிக்கிறான் பாரு,” என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இவர் திருப்பி அடிப்பதைத்தான் அவன் எடுக்க வந்தது.

கட்டை அவிழ்த்துக்கொள்ளச் சொல்லிக் கோகிலவாணி கதறினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடி வாங்கினார். அவள் கத்தியை எடுத்தபோது மட்டும், ரத்தம் கொப்பளித்த வாயோடு, வேண்டாம் என்று ஒரு சத்தம் போட்டார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். கடைசியில் காய்கறிக் கடைச் சீனரும் நாசி கண்டார் சோற்றுக்கடை மதார் சாகிப்பும் கட்டையும் கரண்டியுமாக ஓடி வந்த பிறகுதான் அந்த நாய்கள் ஓடின. படத்தில் ஒருவன் அடிப்பதும் ஒருவர் நிற்பதும் மட்டுமே இருந்தது. அதை வைத்து அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தீர்ப்பன்று வாயில் தையல், காதில் பஞ்சு, மார்பில் அதே சேலைக் கட்டு. கூண்டில் ஏறுவதற்கே கோகிலவாணி பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புகார்தாரர் ஏமாற்றப்படவில்லை என்பது அவர் வாயாலேயே வந்துவிட்டது, எதிர்வாதம் கேட்கவே தேவையில்லை, விடுதலை என்று மாஜிஸ்திரேட் வாசித்தார். அழுதேன் என்றே எழுதுகிறேன், யார் என்னைக் கேட்பது?

வெளியே படியில் தனேஸ்வரன் நின்றுகொண்டிருந்தான். உடையப்பன் அவனுக்கு நேர் எதிரே போய் நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன், நிற்கவில்லை. இடது கையால் கழுத்துக்குப் பின்னாலிருந்த முடிச்சை அவிழ்த்தார். துணி விழுந்தது. வலது கை ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. விரல்களை மடக்கினார், நீட்டினார். அந்தக் கை முறிந்தது என்றே அதுவரை நம்பியிருந்தான் தனேஸ்வரன். முகம் வெளிறிப்போய், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கோயில் சனங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடையப்பன் குனிந்து துணியை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி இறங்கினார்.

காரில் ஏறிய பிறகுதான் பேசினார். தையல் போட்ட வாயில் வார்த்தை சிதறி வந்தது.

“கட்டி வச்சு அடிச்சிட்டாங்க மேடம். எது நடக்கக் கூடாதுன்னு ஒங்கள்ட்ட வந்தேனோ அதுவே நடந்துருச்சி. ஆனா அப்பா கட்டுனப்ப என்னால அவுக்க முடியல. இப்ப அவுக்க முடியும், நான்தான் அவுக்கல. அது வேற லா.”

பேசாதீர்கள், தையல் பிரிந்துவிடும் என்று அதட்டினேன். கோகிலவாணி அவர் கையிலிருந்த துணியை வாங்கி, ரத்தக் கறை உள்பக்கம் போகும்படி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.